யன்னலடிச் செருப்பு

எங்கள் ஊரில் செருப்புக்கு இடம் வாசல். வீட்டுக்குள் ஒரு சோடி கிடந்தால் அது குளியலறைச் செருப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் கறண்ட் கடிக்கிறது என்று அர்த்தம். முப்பது வருடமாக ஏசி பூட்டியும் திருத்தியும் நான் கற்றவற்றுள் இதைப்போல உதவியது வேறொன்றும் இல்லை. பையிலிருந்து மீட்டரை எடுக்க முன்னரே செருப்பு சொல்லிவிடும்.

பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு சோடி ரப்பர் செருப்பைப் போட்டுவைத்து, வருகிறவர்களிடம் "அதைக் கொழுவிக்கொண்டு திறவுங்கோ" என்று சொல்லும் வீடுகள் திருகோணமலையில் எத்தனையோ இருக்கின்றன. ஏன் என்று கேட்டால், "லேசாத்தான் கடிக்கும்" என்பார்கள், ஏதோ எறும்பைப் பற்றிச் சொல்வதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த லேசான கடிக்கும் பெரிய கடிக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் ஈரம் மட்டும்தான் என்று கத்தியிருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊருக்கே தெரியும். ஆனபடியால் நான் கத்துவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

இவ்வளவு கதைக்கிற நான் என்ன செய்வேன் தெரியுமா? என் வேலைச் சப்பாத்தின் அடி தடித்த ரப்பர். கறண்ட் வேலைக்கென்றே வாங்கியது. அதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மரியாதையாகக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய்க் கறண்டில் கை வைப்பேன். சப்பாத்தோடு வீட்டுக்குள் ஏறுகிறவனை நாங்கள் மனிதரில் சேர்ப்பதில்லை. சுவாமிப் படம் இருக்கிற வீடு, குருசு இருக்கிற வீடு, தொழுகைப் பாய் விரித்த வீடு, எல்லாம் ஒன்றுதான். என் தொழில்காரர் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒருவரும் இதை ஒரு பிழையாக நினைத்தது கிடையாது.

நான் சொல்லப்போகிற வீடு துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் இருக்கிறது. அங்கே நின்றால் நங்கூரம் போட்ட கப்பல்கள் தெரியும். வேலியில் ஓட்டை இருந்தால் மான் உள்ளே வந்து பூக்கன்றைத் தின்றுவிட்டுப் போகும். பார்க்க அழகான இடம், ஏசிக்குக் கூடாத இடம். உப்புக்காற்று வெளியே இருக்கிற பெட்டியை ஐந்தாறு வருடத்தில் அரித்துவிடும். முதலில் ஸ்டாண்ட் துருப்பிடிக்கும், பிறகு ஆணிகள், கடைசியில் வயர் பூட்டுகிற முனைகளில் பச்சையாகப் பூத்து உள்ளே ஈரம் ஏறும். அப்போது பெட்டியின் தகரத்துக்குக் கறண்ட் கசியத் தொடங்கும்.

சேர்விஸ் என்றால் ஆட்கள் கழுவுவது என்று நினைக்கிறார்கள். பில்டரைக் கழுவி, கொயிலுக்குத் தண்ணீர் அடித்து, தண்ணீர் போகிற பைப்பில் இருக்கும் பாசியை ஊதி எடுத்தால் அவர்களுக்குத் திருப்தி. மெயின் சுவிச்சிலிருந்து ஏசிக்குத் தனி லைன் வருகிறதா, வயர் தடிப்புப் போதுமா, ஏர்த்துக் கம்பி மண்ணோடு பிடித்திருக்கிறதா என்று முப்பது வருடத்தில் கேட்டவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள். ட்ரிப் சுவிச்சைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் தெரியும், அதுவும் ஒரு தொல்லையாக. கறண்ட் எங்காவது கசிந்தால், ஒரு மனிதனின் உடம்புக்குள் போகத் தொடங்கினால், கண் மூடித் திறக்க முன் வீட்டு லைனை வெட்டிவிடுகிற சாமான் அது. அடிக்கடி விழுந்தால் ஆட்கள் கசிவைத் தேடமாட்டார்கள். ட்ரிப் சுவிச்சைத்தான் திட்டுவார்கள்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரும் அவருடைய கணவரும். கணவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே மகளின் கலியாணத்துக்காக அந்த ஏசியைப் பூட்டினார்கள். நான்தான் பூட்டினேன். தனி லைன், நல்ல வயர், எல்லாம் முறையாக இழுத்தேன். ஆனால் ஏசியைப் போட்டவுடன் ட்ரிப் சுவிச் விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. ஏசியிலோ பழைய வீட்டு வயரிலோ எங்கேயோ கசிவு. தேட ஒரு முழுநாள் வேண்டும். விடிந்தால் கலியாணம்.

ஐயா வந்து பக்கத்தில் நின்றார். "தம்பி, மாப்பிள்ளை வீட்டு ஆக்களை இந்த அறையிலதான் இருத்தப்போறம். எப்பிடியாவது ஓட வைச்சுத் தாங்கோ."

நான் ஓட வைத்துக் கொடுத்தேன். மெயின் சுவிச்சிலிருந்து வருகிற லைனை, ட்ரிப் சுவிச்சுக்குள் போகும் முன்னரே பிரித்து, ஏசிக்குத் தனியாகக் கொண்டுபோனேன். வீட்டிலுள்ள லைற்றுக்கும் பானுக்கும் ட்ரிப் சுவிச் காவல் இருந்தது. ஏசிக்கு மட்டும் இல்லை. பத்து நிமிட வேலை. ஐயாவுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியாது. அவர் குளிர்க்காற்றில் கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கலியாணம் முடிய வந்து பிழையைப் பாக்கிறன் ஐயா," என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

மனது கேட்கவில்லை என்பதால் வேறொன்றும் செய்தேன். வெளிப்பெட்டியின் கீழ் மண்ணில் ஒரு ஏர்த்துக் கம்பியை அடித்து, பெட்டியின் தகரத்தை அதோடு வயரால் இணைத்தேன். கசிகிற கறண்ட் அந்த வழியாக மண்ணுக்குப் போகும். எங்கள் பக்க மணல் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காய்ந்து பொருக்காகிவிடும். காய்ந்த மண்ணில் ஏர்த்து பிடிக்காது. அதற்காக ஏசியிலிருந்து வடிகிற தண்ணீர்ப் பைப்பை வளைத்து, அந்தக் கம்பியின் அடியிலேயே சொட்டும்படி விட்டேன். மிசினே தன் ஏர்த்துக்குத் தண்ணீர் ஊற்றும். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. கலியாணம் முடிந்து ஒரு மாதம், இரண்டு மாதம் போனது. ஐயா ஒருமுறை போன் எடுத்தார், நான் எடுக்கவில்லை. பிறகு அந்த வீதியால் போவதையே குறைத்துக்கொண்டேன். வேறு யாரோ வந்து கழுவிவிட்டுப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்கு வருடம் கழித்து ஐயா இறந்துபோனார். ஆடி மாதம், கச்சான் சுழற்றியடித்த பின்னேரம் ஒன்றில் அந்த அறைக்குள் விழுந்து கிடந்தாராம். சீனி வருத்தக்காரர். மாரடைப்பு என்றார்கள். செத்தவீட்டுக்குப் போனேன், கதிரைகள் தூக்கிப் போட்டேன், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். உள்ளே அந்த ஏசி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கும் மூன்று வருடம் கழித்து, மறுபடியும் கச்சான் காலத்தில், ரீச்சரிடமிருந்து அழைப்பு வந்தது. புது நம்பர், தெரியாமல் எடுத்துவிட்டேன்.

"உங்களைப் பிடிக்கிறது லேசில்லைத் தம்பி," என்றார் நான் வாசலுக்குப் போனதும். கனடாவிலிருந்து மகள் வந்திருந்தார், எட்டு மாதப் பெண்குழந்தையோடு. "நாளைக்குப் பின்னேரம் பேத்திக்குப் பல்லுக்கொழுக்கட்டை. ஆக்கள் வருவினம். இந்த வெக்கைக்குப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஏசியை ஒருக்காச் சேர்விஸ் பண்ணி விடுங்கோ."

பல்லுக்கொழுக்கட்டை எங்கள் வழக்கம். பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததும் பிள்ளையை ஒரு வெள்ளைத் துணியில் இருத்தி, அவித்த கொழுக்கட்டைகளைத் தலையில் கொட்டுவார்கள். முன்னால் தட்டில் புத்தகம், பேனை, சங்கிலி என்று பலதையும் பரப்பி, பிள்ளை தவழ்ந்துபோய் எதைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள். அந்த ஏசி அறையில், தரையில், மறுநாள் பின்னேரம் நான்கு மணிக்கு அது நடக்க இருந்தது.

சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அறைக்குள் யன்னலடியில் ஒரு சோடி ஆம்பிளைச் செருப்பு கிடந்தது.

"அது ஐயாட. நான்தான் போட்டு வைச்சிருக்கிறன்," என்றார் ரீச்சர். "யன்னல் கம்பியில கை பட்டால் சுருக்கெண்டுது. செருப்பைப் போட்டுக்கொண்டு சாத்தினால் ஒண்டும் தெரியாது."

 நேரே வீட்டின் பின்பக்கம் போனேன். வெளிப்பெட்டியின் ஸ்டாண்ட் துருப்பிடித்துச் சரிந்து, யாரோ எப்போதோ அதைக் கட்டுக்கம்பியால் இழுத்து யன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பெட்டிக்கு வருகிற கறண்ட் யன்னலுக்கும் வரும். கீழே தண்ணீர்ப் பைப்பு நான் விட்ட இடத்தில் இல்லை. ஒரு வாளிக்குள் போய் விழுந்தது. என் ஏர்த்துக் கம்பியைச் சுற்றி மண் சாம்பல்போலக் கிடந்தது. வயரைத் தொட்டேன், பச்சை பிடித்த முனை கையோடு வந்துவிட்டது.

"இந்த வாளியை எப்ப இருந்து வைக்கிறீங்கள் ரீச்சர்?"

"அவர் இருக்கேக்கையே. அவர்தான் பைப்பை வளைச்சு விட்டவர், கச்சானுக்க தண்ணி வீணாப் போகுதெண்டு. நான் செவ்வரத்தைப் பூக்கன்றுக்கு ஊத்துறன்."

டெஸ்டரின் முனையைப் பெட்டியின் தகரத்தில் வைத்தேன். பட்டப்பகலிலும் அதன் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. கிணற்றுக் குழாய்க்கும் பெட்டிக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது நூறு வோல்ட்டைத் தாண்டியது. உலர்ந்த காலும் ரப்பர் செருப்பும் உள்ளவருக்கு அது சுருக்கென்று கடித்துவிட்டு விடும். ஈரத் தரையில் இருக்கிற, வேர்த்த உடம்புள்ள ஒரு சின்னப் பிள்ளை கம்பியைப் பிடித்தால் விடாது.

உள்ளே மகள் பிள்ளையை இறக்கி விட்டிருந்தார். தவழத் தொடங்கி ஒரு கிழமையாம். கண்டதையெல்லாம் பிடித்து எழும்பி நிற்கப் பார்க்கிற பருவம். என்னை ஒருமுறை பார்த்தது, பிறகு யன்னலடிச் செருப்பைப் பார்த்தது. அதற்குப் பிடித்த சாமான் அதுதான் என்று மகள் சிரித்தபடி தூக்கிக்கொண்டார்.

நான் ஏசியின் சுவிச்சை நிறுத்தினேன். "இண்டைக்குப் போடாதேங்கோ ரீச்சர். ஒரு சாமான் மாத்தோணும். நாளைக்குக் காலமை வந்து செய்து தாறன்."

ரீச்சர் முப்பது வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டவர். என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, அந்த ட்ரிப் சுவிச் இருக்குத்தானே? ஏதும் எண்டால் அது விழுந்திடும்தானே? பிள்ளைக்கு ஒண்டும் வராதுதானே?"

"ஓம் ரீச்சர்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டுவிட்டேன். பதில் வெட்கக்கேடானது. "இல்லை, ஏழு வருடத்துக்கு முன் நான்தான் அதை விலக்கி விட்டேன்" என்று அந்த மனுசியின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு ஏலவில்லை. நாளைக்குக் காலையில் வந்து, யாருக்கும் தெரியாமல் லைனைத் திரும்ப ட்ரிப் சுவிச்சுக்குள் கொடுத்து, ஏர்த்தையும் சரிசெய்துவிட்டால் நான் சொன்ன ஓம் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்த நிமிடமே வயரைக் கழற்றி எறிந்திருக்கலாம். அப்படிச் செய்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏசி சுவிச்சுக்கு மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு வந்தேன். ஒரு மனிதனுக்கு வெட்கம் எவ்வளவு துணிவைக் கொடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் வயரும் புது முனைகளும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது மூதூரிலிருந்து போன் வந்தது. அங்கே மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவர், என் பழைய வாடிக்கைக்காரர், அண்ணன் முறையில் என்னை நானா என்று கூப்பிடுகிறவர். கடை ஏசியும் மருந்து பிரிட்ஜும் ஒன்றாக நின்றுவிட்டன. "இன்சுலின் எல்லாம் உள்ளுக்க கிடக்கு நானா. இந்தச் சூட்டுக்குப் பழுதாப் போயிரும். கொஞ்சம் வந்து பாத்துத் தாங்க," என்றார். பதினொரு மணிக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். கிண்ணியாப் பாலத்தால் மோட்டார் சைக்கிளை விரட்டினேன்.

அங்கே போனால் ஏசியையும் பிரிட்ஜையும் ஒரே நீட்டு வயரில், ஒரே பிளக்கில் கொடுத்து வைத்திருந்தார்கள். பிளக் உருகிச் சுவரோடு ஒட்டிப்போய் இருந்தது. வழக்கமாக நான் அந்த இடத்தில் ஒரு பிரசங்கம் வைப்பேன். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. யாரைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? பிரிட்ஜுக்கு வேறு லைன் கொடுத்து ஓட வைத்தேன். ஏசிக்கு ஒரு கப்பாசிற்றர் கிண்ணியாவிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. மேலே ஏறி நின்று அதைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, கீழே பைக்குள் என் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் மறுபடியும் அடித்தது.

இறங்கி எடுத்துப் பார்த்தேன். மூன்று தவறிய அழைப்பு, மூன்றும் ரீச்சரிடமிருந்து. திருப்பி எடுத்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. இன்னொருமுறை எடுத்தேன். ஐந்து தரம் எடுத்தேன்.

"நானா, முகம் ஒரு மாதிரி இருக்கு. தண்ணி குடிங்க," என்றார் கடைக்காரர். சாமான்களை அப்படியே அங்கே போட்டுவிட்டு வெளிக்கிட்டேன்.

 பாலத்தில் கச்சான் பக்கவாட்டில் அடித்து வண்டியைத் தள்ளியது. மூன்று தரம் ஏன் எடுத்தார்? பிறகு ஏன் எடுக்கவில்லை? கொண்டாட்டச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அதே நேரம், ஏதும் நடந்திருந்தால் என்ன சொல்லித் தப்பலாம் என்று மனத்தின் இன்னொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தது. போடவேண்டாம் என்று சொன்னேன்தானே, டேப் ஒட்டினேன்தானே. ஒரு பிள்ளையின் உயிரை நினைத்து நடுங்கிக்கொண்டே நான் எனக்குச் சாட்சி தேடினேன். என்னைப் பற்றி இதைவிடக் கேவலமாக எனக்கு வேறொன்றும் தெரியாது.

நான்கரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன். வாசல் முழுக்கச் செருப்புகள். முப்பது நாற்பது சோடி, ஒன்றின் மேல் ஒன்றாக. எங்கள் ஊரில் கொண்டாட்டத்துக்கும் செத்தவீட்டுக்கும் வாசல் ஒரே மாதிரித்தான் இருக்கும். உள்ளே பேச்சுக்குரல்கள் கேட்டன, என்ன குரல் என்று பிரிக்க முடியவில்லை. பின்பக்கம் வெளிப்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. ஏசியைப் போட்டுவிட்டார்கள்.

நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. செருப்புகளுக்கு மேலால் மிதித்து ஏறி, சப்பாத்தோடு கூடத்துக்குள் ஓடினேன். "என்ன இது!" என்று யாரோ கத்தினார்கள். சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து மெயின் சுவிச்சை அறைந்து கீழே இறக்கினேன். பான்கள் மெதுவாகின. ஏசி நின்றது. வீடு சட்டென்று அடங்கியது. அந்த அமைதிக்குள் ஒரு சத்தத்துக்காகக் காது கொடுத்து நின்றேன்.

அறைக்குள் பிள்ளை வீரிட்டு அழுதது. அழுகிற பிள்ளை உயிரோடு இருக்கிற பிள்ளை.  அறை வாசலுக்குப் போனேன்.

வெள்ளைத் துணியில் கொழுக்கட்டைகள் சிதறிக் கிடந்தன. தட்டில் புத்தகமும் சங்கிலியும் யாரும் தொடாமல் இருந்தன. பிள்ளை துணியை விட்டு வெகுதூரம் தவழ்ந்து போய் யன்னலடியில் இருந்தது. தலைமயிரில் ஒரு கொழுக்கட்டை ஒட்டியிருந்தது. தாய் அதன் கையிலிருந்து ஒரு செருப்பைப் பறித்துக்கொண்டிருந்தார்.

"தட்டைத் திரும்பியும் பாக்கேல்ல, நேரா அப்பப்பாட... இல்ல, அம்மப்பாட செருப்புக்குத்தான் போனவ," என்று ஒரு பெண் சிரித்தார். "செருப்புக் கடைதான் போடப்போறா." பிறகு என் சப்பாத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பிள்ளையின் மற்றக் கை சுவரில் இருந்தது. யன்னல் கம்பிக்கும் அந்தக் கைக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்காது.

"ஏன் தம்பி நிப்பாட்டினீங்கள்?" ரீச்சர் முன்னால் வந்தார். "ஏசியைப் போடலாமோ எண்டு கேக்கத்தான் மூண்டு தரம் எடுத்தனான். நீங்கள் எடுக்கேல்ல. பிள்ளை வேர்வையில அழுதிச்சு. ட்ரிப் சுவிச் இருக்குத்தானே எண்டு போட்டனான்."

அத்தனை பேருக்கு முன்னால், சப்பாத்தோடு நின்றுகொண்டு சொன்னேன். ஏசிக்கு ட்ரிப் சுவிச் இல்லை. கலியாணத்துக்கு முதல் நாள் நான்தான் விலக்கி விட்டேன். யன்னலில் கறண்ட் இருக்கிறது. பிள்ளையை அங்கிருந்து தூக்குங்கோ.

தாய் பிள்ளையை அள்ளித் தூக்கிய வேகத்தில் செருப்பு என் காலடியில் வந்து விழுந்தது.  யாராவது எனக்கு அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேற்று ஓம் எண்டனீங்கள்," என்றார் ரீச்சர். குரல் உயரவேயில்லை.

பிறகு அவர் யன்னலைப் பார்த்தார்.  அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல வந்து சேர்வதை நான் பார்த்தேன். அது எனக்கும் அதே நேரத்தில்தான் வந்தது.

"அவரும் இந்த யன்னலைச் சாத்தப் போய்த்தான் விழுந்தவர்," என்றார். "குளிச்சுப்போட்டு வந்தவர். வெறுங்காலோட."

அன்றைக்கு இருட்டுகிற வரைக்கும் வேலை செய்தேன். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கட்டுக்கம்பியை வெட்டினேன், முனைகளை மாற்றினேன், ஏழு வருடத்துக்கு முன் தேடியிருக்க வேண்டிய கசிவைத் தேடிப் பிடித்தேன். ஏசியின் லைனை ட்ரிப் சுவிச்சுக்குள் கொடுத்தேன். அது விழாமல் நின்றது. தண்ணீர்ப் பைப்பை மறுபடி ஏர்த்துக் கம்பியின் அடிக்குக் கொண்டுபோனபோது ரீச்சர் பின்பக்கம் வந்து, அந்த வாளியைத் தானே கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஐயாவுக்குச் சீனி இருந்தது, பிரஷர் இருந்தது. டாக்டர் மாரடைப்பு என்றார், அது மாரடைப்பாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனி எந்த மீட்டரையும் வைத்து அளக்க முடியாது. என் மனைவி உட்பட எல்லோரும் எனக்கு முதலாவதைத்தான் சொல்கிறார்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு, இதேபோல் ட்ரிப் சுவிச்சை விலக்கிவிட்ட மற்ற வீடுகளை யோசித்து யோசித்து எழுதினேன். ஆறு வந்தது. சாம்பல்தீவில் இரண்டு, டவுனில் நான்கு. ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லித் திருத்தினேன். ஒரு வீட்டுக்காரர் கெட்ட வார்த்தையால் பேசினார், இன்னொருவர் அப்படியே இருக்கட்டும், விழுந்தால் தொல்லை என்றார். அவருடன் அரை நாள் சண்டை பிடித்தேன். ஏழாவதாக ஒன்று இருக்கிறது என்று மனம் சொல்கிறது. பச்சைக் கேற்று, வீதியிலிருந்து பிரிகிற ஒடுக்கமான ஒழுங்கை, அவசரம் அவசரமாக ஒரு மழைநாளில் செய்த வேலை. எந்த ஒழுங்கை என்று இன்னமும் நினைவுக்கு வரவில்லை.

ரீச்சர் வேறு ஆளைப் பிடிப்பார் என்று நினைத்தேன். கச்சான் தொடங்குகிற நேரம் என்னைத்தான் கூப்பிடுகிறார். நான் சப்பாத்தோடு உள்ளே போகிறேன். அவர் கழற்றச் சொல்வதில்லை. பேத்தி கனடாவில் நடக்கிறாளாம், ஓடுகிறாளாம், படம் காட்டுவார். வேலை முடிந்ததும் கூடத்துக்கு வந்து சுவிச் பெட்டிக்கு முன்னால் நின்று கேட்பார்:

"ட்ரிப் சுவிச் வேலை செய்யுதோ தம்பி?"

நான் வாயால் பதில் சொல்வதில்லை. ட்ரிப் சுவிச்சில் சோதித்துப் பார்க்கவென்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டியது, யாரும் அழுத்துவதில்லை. அதை அழுத்துவேன். டக்கென்று விழும். பான் ஓய்ந்து, ஏசி நின்று, வீடு முழுவதும் அமைதியாகும். அதைக் கேட்ட பிறகுதான் ரீச்சர் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போவார். அவ்வளவு நேரமும் அவர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. என் விரலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்.